பயோமெடிக்கல் படிக்க நினைக்கிற யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு

உயர்தர முடிவு வந்த கிழமையில் எங்கள் ஊர் ஒழுங்கைகளில் ஒரு பேச்சு கட்டாயம் கேட்கும். "பிள்ளைக்கு மெடிசின் கொஞ்சத்தில தவறிப்போச்சு, இனி என்ன செய்யிறது?" உடனே யாராவது பயோமெடிக்கல் என்று சொல்லுவார்கள். கனடாவில் இருக்கிற மாமா சொல்லுவார், கொழும்பில் படிக்கிற மச்சாள் சொல்லுவாள், ரியூசன் வாத்தியாரும் சொல்லுவார், ஆனால் மூன்று பேரும் மனதில் வைத்திருப்பது மூன்று வேறு படிப்புகளாக இருக்கும். நான் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்து, இப்போது ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். வருடா வருடம் இந்தக் கேள்வியோடு வருகிற தம்பி தங்கச்சிகளுக்கு வாயால் சொல்லுவதை இந்த முறை எழுதிவிடுகிறேன்.

முதல் விடயம், இதை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் போதும்: பட்டத்தின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். படித்து முடிந்ததும் அந்தப் பட்டத்தை வைத்து எந்தத் தொழில் பதிவை எடுக்கலாம் என்று பாருங்கள். நோயாளியின் இரத்தத்தைப் பரிசோதித்து முடிவில் கையெழுத்து வைக்கிற வேலைக்கு, பல நாடுகளில் பட்டத்துக்கு மேலே ஒரு பதிவும் வேண்டும். இலங்கையில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களைப் பதிவு செய்வது இலங்கை மருத்துவ சபை. எம்.எல்.ரி என்று நாங்கள் சொல்லுகிறவர்கள் அவர்கள்தான். அந்தப் பதிவுக்கு வழி திறக்கிற பட்டம் ஒன்று, திறக்காத பட்டம் இன்னொன்று, இரண்டின் பெயரிலும் 'மெடிக்கல்' இருக்கும்.

எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் இந்தப் பாதைக்கு நேராகப் போகிறது மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், நான்கு வருடப் பட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் எடுத்திருக்க வேண்டும், பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாயம் எடுத்தவர்கள் முதலிலேயே பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைத் திறந்து தகைமையைச் சரிபாருங்கள். விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானம் படித்து, பிறகு மூலக்கூற்று உயிரியல், நுண்ணுயிரியல் பக்கம் திரும்புவது வேறு பாதை. ஆராய்ச்சிக்கு அது நல்ல அடித்தளம், ஆனால் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்குள் அதை வைத்து நேராகப் போகேலாது. கொழும்பில் தனியார் நிறுவனங்கள் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்துகிற 'பயோமெடிக்கல் சயன்ஸ்' மூன்றாவது வகை. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முற்றிலும் வேறு, அது கருவிகளை வடிவமைக்கிற, பராமரிக்கிற பொறியியல் படிப்பு, கணிதம் படித்தவர்களுக்கு உரியது. இந்த ஒரு சொல் மாறிப்போய் விண்ணப்பம் நிரப்பின பிள்ளையை நான் கண்டிருக்கிறேன்.

தனியார் படிப்புக்குக் காசு கட்ட முதல் இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? இந்தப் பட்டம் முடித்தவர்களை இலங்கை மருத்துவ சபை பதிவு செய்கிறதா? முதலாவதுக்கு ஆம் என்றால் இரண்டாவதுக்கும் ஆம் என்று அர்த்தம் இல்லை. வரவேற்பறையில் இருக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டு "ஓம் ஓம், எல்லாம் இருக்கு" என்று சொல்லுவது பதில் ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காணியை ஈடு வைத்துப் பிள்ளையைப் படிப்பித்தது. பட்டம் கையில் வந்த பிறகுதான், அதை வைத்து இங்கே ஆஸ்பத்திரிப் பதிவு எடுக்க முடியாது என்று தெரிந்தது. பிள்ளை கெட்டிக்காரி, படிப்பிலும் பிழை இல்லை. சேரும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். பெரும்பாலான பாடநெறிகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள். அதனால்தான் ஒரே இசட் புள்ளிக்கு (உயர்தரப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கிற புள்ளி) யாழ்ப்பாணப் பிள்ளைக்கு ஒன்றும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இன்னொன்றும் கிடைக்கிறது. விருப்ப வரிசையை நிரப்பும்போது எல்லாரும் செய்கிற பிழை, போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, பிடித்ததைக் கீழே போடுவது. உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மேலே எழுதினது எதுவோ அதுதான் தரப்படும். ஆகவே உண்மையாகப் பிடித்த ஒழுங்கில் எழுதுங்கள். பிடித்ததை மேலே போட்டதால் கீழே இருக்கிறது கைவிட்டுப் போகாது.

இடம் கிடைத்தவுடன் வருகிற முதல் அடி ஆங்கிலம். நாங்கள் தமிழில் குருதிச் சிறுதட்டு, நொதியம், இழைமணி, பிறபொருளெதிரி என்று படித்து, அதை அழகாக வரைந்து குறித்து, 'ஏ' எடுத்துப் போகிறோம். முதலாவது விரிவுரையில் பிளேட்லெற், என்சைம், மைற்றோகொண்ட்ரியா, அன்ரிபொடி என்று ஓடும்போது, தெரிந்த விடயமே தெரியாத விடயம் போல நிற்கும். பயப்படாதீர்கள், அறிவு உங்களிடம் இருக்கிறது, சொல்தான் மாறியிருக்கிறது. முடிவு வந்து பல்கலைக்கழகம் தொடங்குகிற வரைக்கும் இருக்கிற மாதங்களில் ஒரு கொப்பி எடுத்து, உயர்தர உயிரியல் புத்தகத்தை அலகு அலகாகத் திறந்து, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். தமிழ்ச் சொல்லை மறந்துவிடவும் வேண்டாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், அதற்காகவே கலைச்சொற்களை உருவாக்கினார். அந்த மண்ணில் இருந்து போகிற நாங்கள் வாட்டில் ஒரு அம்மாவுக்கு அவருடைய றிப்போட்டைத் தமிழில் விளங்கப்படுத்தத் தெரியாமல் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

படிப்பு எப்படி இருக்கும்? குருதியியல், மருத்துவ இரசாயனவியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், இழைய நோயியல், நிர்ப்பீடனவியல், குருதி மாற்றீடு என்று பாடங்கள் போகும். ஆனால் உங்களை உருவாக்குவது கைவேலை. நுணுக்குக்காட்டியில் கலங்களைப் பார்க்க இரத்தத்தைத் தட்டில் மெல்லிசாகப் பூசுவதையே பாருங்கள். ஒரு கண்ணாடித் தட்டின் ஓரத்தில் சிறு துளி இரத்தம் வைத்து, இன்னொரு தட்டை ஏறக்குறைய 30 இலிருந்து 45 பாகை சரிவில் பிடித்து, துளியைத் தொடுமட்டும் பின்னுக்கு இழுத்து, இரத்தம் விளிம்பு முழுக்கப் பரவினவுடன் ஒரே மூச்சில் முன்னுக்குத் தள்ள வேண்டும். நடுவில் தயங்கினால் வரி வரியாக விழும், அழுத்தினால் கலங்கள் உடையும், துளி பெரிதென்றால் தட்டின் கடைசி வரைக்கும் தடிப்பாக ஓடும். நன்றாக வந்தது என்றால் கடைசியில் இறகின் நுனி போல மெலிந்து முடியும், அந்த நுனிக்குச் சற்று முன்னால்தான் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் படுத்திருக்கும், பார்க்க வேண்டிய இடம் அதுதான். எனக்கு ஒழுங்காக ஒன்று வர அறுபது எழுபது தட்டு முடிந்தது.

ஏன் இவ்வளவு பாடு, மெசின் எண்ணித் தருமே என்று கேட்பீர்கள். டெங்குக் காலத்தில் ஒருவருக்கு பிளேட்லெற் மிகவும் குறைவு என்று மெசின் காட்டும். சிலருடைய இரத்தத்தில், உறையாமல் இருக்கக் குழாயில் போட்டிருக்கிற ஈ.டி.ரி.ஏ-யாலேயே பிளேட்லெற்றுகள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், மெசின் அந்தக் கட்டியைப் பிளேட்லெற்றாக எண்ணாது. தட்டைப் போட்டுக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் கட்டி தெரியும், ஈ.டி.ரி.ஏ-க்குப் பதிலாகச் சித்திரேற்றுப் போட்ட குழாயில் திருப்பி எடுத்துப் பார்க்கச் சொல்லுவார். அந்த ஒரு நிமிடப் பார்வையால் ஒரு குடும்பத்தின் நித்திரை திரும்பி வரும்.

பயிற்சியில் இருந்த காலத்தில் எனக்கு நடந்தது ஒன்று. ஒரு ஐயாவின் இரத்தத்தில் பொற்றாசியம் 9 ஐத் தாண்டி, கல்சியம் அடிமட்டத்தில். அந்த அளவு உண்மை என்றால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். நான் நடுங்கிக்கொண்டு வெளியே ஓடிப் பார்த்தால், ஐயா வாங்கில் இருந்து பக்கத்தில் இருப்பவரோடு மாம்பழ விலை கதைத்துக்கொண்டிருக்கிறார். எங்களோடு வேலை செய்த மூத்த அக்கா இலக்கங்களை ஒருக்காப் பார்த்தார். "ஊதா மூடிக் குழாயில எடுத்த ரத்தத்தை இதுக்குள்ள ஊத்தியிருக்கினம். திருப்பி எடுக்கச் சொல்லும்." ஊதா மூடிக்குள் இருப்பது பொற்றாசியம் சேர்ந்த ஈ.டி.ரி.ஏ. அது பொற்றாசியத்தைக் கூட்டிக்காட்டும், கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திருப்பி எடுத்ததில் எல்லாம் சாதாரணம். இலக்கத்தைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் இருக்கிற ஆளையும் குழாயையும் சேர்த்து நினைக்கிற பழக்கத்தை அன்றைக்கு அந்த அக்காவிடம் படித்தேன்.

அதனால்தான் இதை மெடிசின் கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2020 இல் கொரோனா வந்தபோது யாழ்ப்பாண மருத்துவ பீட ஆய்வுகூடத்திலும் பி.சி.ஆர் பரிசோதனை நடந்தது. 2024 டிசம்பரில் கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் காய்ச்சல் வந்து ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோது, ஊர் முழுக்க என்ன காய்ச்சல் என்று தெரியாமல் பயந்து கிடந்தது. எலிக்காய்ச்சல் என்று உறுதியாகச் சொன்னது ஆய்வுகூடம். அதிலும் எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பது முக்கியம்: முதல் நாட்களில் கிருமியின் மரபுப்பொருளைப் பி.சி.ஆர்-இல் தேடலாம், பிறபொருளெதிரி இரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு கிழமை ஆகும், அவசரப்பட்டு அதைத் தேடினால் இல்லை என்று வரும், நோயோ உள்ளே இருக்கும்.

வேலை என்று பார்த்தால் அரச ஆஸ்பத்திரிகள், இரத்த வங்கி, தனியார் ஆய்வுகூடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாதவை சில இருக்கின்றன. பரிசோதனை மெசின்களை விற்கிற கம்பனிகள் அவற்றை நிறுவி, ஊழியர்களுக்குப் பழக்கிவிட ஆட்களை எடுக்கின்றன, ஊர் ஊராகத் திரியப் பிடித்தவர்களுக்கு நல்ல வேலை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையங்களில் கரு வளர்க்கிற ஆய்வுகூடம் இருக்கிறது, கைப்பக்குவம் உள்ளவர்களுக்கு அங்கே மதிப்பு. ஆய்வுகூடங்கள் மருத்துவ ஆய்வுகூடங்களுக்கு உரிய ஐ.எஸ்.ஓ 15189 தரச்சான்று எடுக்க ஓடுகிற காலம் இது, தர முகாமைத்துவம் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். மருந்துத் தொழிற்சாலை, உணவு, நீர்ப் பரிசோதனையும் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிற எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று எவ்வளவு என்று பார்க்க இந்த மண்ணுக்கு எப்போதும் ஆள் தேவை. கணினி பிடிக்கும் என்றால் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே பைதன் என்ற கணினி மொழி படித்து உயிர்த் தகவலியல் பக்கம் போகலாம், அதைத் திருநெல்வேலி வீட்டில் இருந்தும் செய்யலாம். விரிவுரையாளர், ஆராய்ச்சி என்று கனவு இருந்தால் இறுதி வருட ஆய்வை ஒப்புக்குச் செய்யாதீர்கள், முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களைப்பற்றிப் பேசப் போவது அதுதான்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் முதலில் சொன்னதே. இங்கிலாந்தில் 'பயோமெடிக்கல் சயன்ரிஸ்ற்' சட்டத்தால் காக்கப்பட்ட பெயர், எச்.சி.பி.சி என்ற சுகாதாரத் தொழில்களுக்கான சபையின் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் பாவிக்க முடியாது. அங்கே போய்ப் படிக்கிறீர்கள் என்றால் ஐ.பி.எம்.எஸ் என்ற அங்குள்ள பயோமெடிக்கல் விஞ்ஞானத் தொழில் நிறுவகத்தின் அங்கீகாரம் உள்ள பட்டமா என்று பாருங்கள், அதோடு ஆஸ்பத்திரி ஆய்வுகூடப் பயிற்சி படிப்புக்குள்ளேயே வருகிறதா என்றும் கேளுங்கள். பட்டம் முடித்துவிட்டுப் பயிற்சி இடம் தேடி அலைகிறவர்கள் அங்கே நிறைய. கனடாவுக்கு சி.எஸ்.எம்.எல்.எஸ் என்ற அங்குள்ள மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானச் சங்கம் உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிட்டு, பிறகு பரீட்சை எழுதச் சொல்லும். அதற்கு ஒவ்வொரு பாடத்திலும் என்ன படித்தீர்கள் என்ற விபரம் பல்கலைக்கழகத்தில் இருந்து தேவைப்படும், படிக்கும்போதே பாடத்திட்டப் பிரதிகளைச் சேர்த்து வையுங்கள். மாமா ஸ்காபரோவில் இருக்கிறார் என்பது தங்க இடம் தரும், பதிவு தராது. பிரித்தானியாவில் பயோமெடிக்கல் முடித்துவிட்டு மெடிசினுக்கு மாறலாம் என்று முகவர்கள் சொல்லுவதை நம்பி மட்டும் போகாதீர்கள். அப்படி மாறினவர்கள் இருக்கிறார்கள், போட்டி கடுமை, வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணமும் மிக அதிகம். ஆய்வுகூட வேலையே பிடிக்கும் என்றால் போங்கள்.

கடைசியாகச் சின்ன விடயம் ஒன்று, எங்கள் ஆட்களை நிறையக் கஷ்டப்படுத்துவது: பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்தோடு இன்னொன்று, பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு. வெளிநாட்டுப் பதிவு அலுவலகம் இதை மூன்று ஆட்கள் என்று பார்க்கும், சத்தியக்கடதாசி முடித்து அனுப்பி, பதில் வர மாதங்கள் போகும். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப் போகிற அன்றைக்கே பாஸ்போட்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பிழை இருந்தால் பட்டச் சான்றிதழ் அச்சாக முதல் உரிய அலுவலகத்துக்குப் போய்த் திருத்திவிடுங்கள்.