டோக்கியோவுக்குக் கேமராவோடு போகிறீர்களா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

டோக்கியோ போகிற புதியவர்கள் எந்த லென்ஸ் எடுப்பது என்றுதான் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். அங்கே படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் லென்ஸ் அல்ல, நேரம். ஜூன் நடுவில் சூரியன் காலை 4:25-க்கே எழுந்துவிடும். டிசம்பர் கடைசியில் மாலை நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். நம்மூர்க் கணக்கில் ஆறு மணிக்கு அலாரம் வைத்தால் கோடையில் நல்ல வெளிச்சம் கைவிட்டுப் போயிருக்கும்.

படி 1: கிளம்புவதற்கு முன்

லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-அவருக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. கேமரா பேட்டரிகள் பெரும்பாலும் 20-ஐத் தாண்டாது. பவர் பேங்குக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் 20 × 3.7 வோல்ட் = 74 வாட்-அவர். தனி பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். சாவியோ நாணயமோ பட்டால் ஷார்ட் ஆகும்.

ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், பிளக்கில் இரண்டு தட்டைப் பின்கள். சார்ஜரில் "100–240" என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும், கன்வெர்ட்டர் வேண்டாம்.

இந்தியாவிலிருந்து விலையுயர்ந்த கேமராவோடு போகிறவர்கள், புறப்படும்போது விமான நிலையச் சுங்கக் கவுன்டரில் சீரியல் எண்களைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். இது இருந்தால், திரும்பி வரும்போது "புதிதாக வாங்கியதா?" என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

ஃபிலிம் கொண்டு போகிறவர்கள் அதையும் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விமான நிலையத்தின் புதிய சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் ஃபிலிமில் மூட்டம் ஏற்றிவிடும்.

படி 2: விடியலுக்கு நடந்து போகிற தூரத்தில் அறை

டோக்கியோ ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்று காலை ஐந்து வாக்கில்தான் மறுபடி ஓடத் தொடங்கும். கோடை விடியல் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எந்த இடத்தில் விடியலை எடுக்க ஆசையோ, அதன் பக்கத்திலேயே தங்குங்கள்.

முதல் தடவைக்கு அசகுசா நல்ல தேர்வு. சென்சோஜி கோயில் வளாகம் இரவிலும் திறந்தே இருக்கும். பகலில் தோள் இடிக்கிற நகமிசே கடைவீதி விடியலில் காலியாகக் கிடக்கும், மூடிய ஷட்டர்களில் ஓவியங்கள் தெரியும். அங்கிருந்து சில நிமிட நடையில் சுமிதா ஆறு. சிவப்பு அசுமாபாலத்தில் நின்றால் கிழக்கே 634 மீட்டர் ஸ்கைட்ரீ. 35 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தாலே முழுக் கோபுரமும் அடங்கும்.

ஜூலை, ஆகஸ்டில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். கேமராவை ஜிப் பையில் மூடி, வெளியே வந்தபின் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 3: இரவு விளக்குகளும் 50 ஹெர்ட்ஸும்

டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் எடுத்த இரவுப் படங்களில் கறுப்புப் பட்டைகள் விழுவதைப் பார்த்துக் கேமரா பழுது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டோக்கியோ மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மின்னி மங்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், வீடியோவுக்கு 1/50. சைலன்ட் ஷட்டரை அணைத்துவிடுங்கள், பட்டைகள் அதில்தான் அதிகம். சில எல்இடி பலகைகளுக்கு அவற்றின் சொந்தத் தாளம் உண்டு. அங்கே ஷட்டரை இன்னும் மெதுவாக்கிச் சோதித்துப் பார்ப்பதே வழி.

ஒசாகா, கியோட்டோ போனால் இந்தக் கணக்கு மாறும், அங்கே 60 ஹெர்ட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கியதன் விளைவு இன்றைக்கும் நம் ஷட்டர் வரை வருகிறது!

தொடக்க அளவு: எஃப் 2.8, 1/100, ஐஎஸ்ஓ 1600. விளம்பரப் பலகைகள் வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரை -0.7-க்கு இறக்குங்கள். மழை பெய்தால் அறைக்குள் முடங்காதீர்கள். நனைந்த தரை விளக்குகளை இரட்டிப்பாக்கும். கன்வீனியன்ஸ் கடைகளில் விற்கும் ஒளிபுகும் குடை ஒன்று போதும்.

படி 4: உயரத்திலிருந்து

ஷின்ஜுகுவில் உள்ள டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-வது மாடிக்கு, 202 மீட்டர் உயரத்துக்கு, கட்டணமே இல்லை. டிரைபாட் விட மாட்டார்கள். சூரியன் மறைய முக்கால் மணி நேரம் முன்பே போய் மேற்குப் பக்கக் கண்ணாடியைப் பிடியுங்கள். குளிர்காலத்தில் வானம் தெளிந்தால் சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள ஃபுஜி மலை தெரியும். அதற்கு 100–200 மி.மீ. வேண்டும். கோடையில் காற்றின் ஈரம் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.

கண்ணாடியில் உங்கள் முகமே விழும். ரப்பர் ஹுட்டைக் கண்ணாடியோடு ஒட்டி அழுத்துங்கள். இல்லையென்றால் கறுப்புச் சட்டையால் சுற்றி மூடுங்கள்.

ஷிபுயா ஸ்கையின் திறந்த மாடியில் கண்ணாடித் தொல்லை குறைவு. ஆனால் பைகளை லாக்கரில் வைக்க வேண்டும், கழுத்துப் பட்டை இல்லாத கேமராவை உள்ளே விட மாட்டார்கள். பட்டையை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

படி 5: மனிதர்களை எடுக்கும்போது

ஷின்ஜுகு கோல்டன் காய் போன்ற குறுகிய மதுக்கடைச் சந்துகளில் படம் எடுக்கக் கூடாது என்ற பலகைகள் இருக்கும், அவற்றை மதியுங்கள். கடைக்காரரிடம் கேமராவைக் காட்டி "ஷாஷின், ஈ தெஸ் க?" (படம் எடுக்கலாமா?) என்று கேளுங்கள். இரு கைகளையும் பெருக்கல் குறியாகக் காட்டினால் வேண்டாம் என்று பொருள்.

படி 6: பழைய கேமரா வாங்க நினைத்தால்

நகானோவில் ஃபுஜியா கேமரா, ஷின்ஜுகுவில் மேப் கேமரா இரண்டும் பெயர் பெற்ற கடைகள். பொருளின் நிலையைத் தரம் பிரித்துக் குறித்திருப்பார்கள். லென்ஸ் என்றால் செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா உடல் என்றால் மெனுவைத் திறந்து மொழிப் பட்டியலைத் தேடுங்கள். ஜப்பான் சந்தைக்கான சோனி கேமராக்கள் பலவற்றில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும், பிறகு மாற்ற வழியில்லை.