பழைய உயிலைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், பத்திரத்தை வைத்துத் தேடுங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைக் குடும்பங்களில் கொள்ளுத்தாத்தாவின் உயிலைத் தேடுகிறவர்கள் முதலில் திறப்பது ஃபேமிலிசர்ச், ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற வம்சாவளித் தேடல் தளங்களைத்தான். பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. உயிலே இல்லை என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறார்கள். அந்த முடிவு பல நேரம் தப்பு.

அங்கே இருப்பவை பெரும்பாலும் லண்டனில் இந்திய நிர்வாகத்தைப் பார்த்த இந்தியா ஆபீசுக்குப் போன நகல்கள். ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் உயில்களே அதிகம். பெரம்பூர் ரயில்வே குடும்பம் என்றால் அங்கேயே கிடைக்க வாய்ப்பு உண்டு. மற்றவர்களுக்குப் பெயரே தடை. குடும்பப்பெயர்க் கட்டத்தில் சாதிப் பட்டத்தை ஏற்றியிருப்பார்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து தொலைந்திருக்கும். 'முதலியார்' என்பதை அந்தக் காலத்து குமாஸ்தா மூடெல்லி, மூட்லியார் என்று காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் ஆங்கிலத்தில் M*d*l* என்று, மெய்யெழுத்துகளுக்கு நடுவே நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். ஊர்ப் பெயரையும் மாற்றிப் பாருங்கள்: ஜார்ஜ் டவுன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிளாக் டவுன். ஃபேமிலிசர்ச்சில் பெயர்த் தேடலோடு நிற்காமல் கேட்டலாக்கில் மெட்ராஸ் என்று இடத்தை வைத்தும் பாருங்கள். பெயர்ப் பட்டியல் போடாத படச்சுருள்கள் அங்கேதான் கிடக்கும். கேமரா படத்தின் மேல் சாவி இருந்தால் வீட்டிலிருந்து திறக்காது; அவர்களுடைய மையத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இதிலும் கிடைக்கவில்லையா? தளத்தை மூடிவிட்டு வீட்டுப் பீரோவைத் திறங்கள். உண்மையான வழி தாய்ப்பத்திரத்தில் இருக்கிறது.

வில்லங்கச் சான்றில் உயில் வராது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும், உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். வில்லங்கம் பார்ப்பது முதலாவதை மட்டும். ஆனால் உயில்வழி வந்த வீட்டை எக்சிக்யூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்) விற்றிருந்தால், அந்த விற்பனைப் பத்திரம் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். அதன் தொடக்கப் பத்திகளில், சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில், "சென்னை உயர் நீதிமன்றம், ஓ.பி. எண் இத்தனை, வருஷம் இத்தனை" என்று ஒரு வரி இருக்கும். ஓ.பி. என்பது புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் உத்தரவு, கேட்டுப் போட்ட மனு. நமக்கு வேண்டியது அந்த எண்தான். தமிழ்ப் பத்திரத்தில் உயிலை 'மரண சாசனம்' என்றும் எழுதியிருப்பார்கள், கண்ணில் படாமல் தாண்டிவிடாதீர்கள். வில்லங்கம் போடும்போது கதவு எண்ணை நம்ப வேண்டாம், பலமுறை மாறியிருக்கும். பத்திரத்தின் ஷெட்யூலில் (சொத்து விவரப் பகுதியில்) உள்ள ஆர்.எஸ். எண்ணை, அதாவது மறு அளவை எண்ணைக் கொடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் ஏறாத பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு, கையால் தேடச் சொல்ல வேண்டும்.

பதிவான உயில் என்றால் நகல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியவர் இறந்தபின் 3-ஆம் புத்தக நகலை யார் கேட்டாலும் தர வேண்டும் என்கிறது 1908 பதிவுச் சட்டம், பிரிவு 57. இறப்புச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு சிக்கல்: உயிலைச் சொத்து இருக்கும் எல்லையில்தான் பதிய வேண்டும் என்றில்லை. மனைவியின் ஊர், மகன் வேலை பார்த்த ஊர் என்று அங்கேயும் கேளுங்கள்.

புரோபேட்டே எடுத்திருக்க மாட்டார்கள் என்பதற்கும் காரணங்கள் உண்டு. சென்னை நகரத்து இந்து உயில்களுக்குப் புரோபேட் கட்டாயம் வந்தது 1870 செப்டம்பர் 1 முதல், இந்து உயில்கள் சட்டத்தால். முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததில்லை; மண்ணடிக் குடும்பங்கள் பாகப்பத்திரம், தானப்பத்திரம், வக்பு பத்திரம் பக்கம் போவது நல்லது. திருவொற்றியூரில் ஏமாறுகிறவர்கள் நிறைய. இன்று அது சென்னை மாவட்டம். 2018 வரை திருவள்ளூர், 1997-க்கு முன் செங்கல்பட்டு. நகர எல்லைக்கு வெளியே எழுதி, வெளிச் சொத்தை மட்டும் குறித்த இந்து உயிலுக்குப் புரோபேட் தேவைப்படவில்லை. உயர் நீதிமன்றத்தில் தேடினால் கிடைக்காது.

எண் கிடைத்துவிட்டால் உயர் நீதிமன்ற ஒரிஜினல் சைடில் (மேல்முறையீடு அல்லாத, நேரடி வழக்குகளைப் பார்க்கும் பிரிவில்) நகல் மனு போடுங்கள். எண்ணில் உள்ள வருஷம் மனு போட்ட வருஷம், இறந்த வருஷம் அல்ல. வீட்டை விற்கப்போகும்போதுதான் பல குடும்பங்களுக்குப் புரோபேட் ஞாபகம் வந்திருக்கும். பத்து, இருபது வருஷ இடைவெளிகூட இருக்கலாம். யாராவது ஆட்சேபித்திருந்தால் ஓ.பி. என்பது டி.ஓ.எஸ். (உயில் வழக்கு) ஆக மாறி வேறு எண் வாங்கியிருக்கும். பழைய எண்ணில் கட்டு இல்லை என்று சொன்னால் டி.ஓ.எஸ். எண்ணைக் கேளுங்கள்.

புரோபேட் உத்தரவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம், மூல மனுவையும் சொத்து அபிடவிட்டையும் (சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தையும்) சேர்த்துக் கேளுங்கள். உயில் இல்லாமல் இறந்தவருக்கு லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) கேட்ட மனுவாக இருந்தால் இன்னும் விசேஷம்: 1925 வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 278-இன்படி இறந்த நாள், இடம், உறவினர்கள், ஒவ்வொருவரும் வசித்த இடம் எல்லாம் அதில் எழுதியே ஆக வேண்டும். கல்யாணமாகிப் போன பெண்களின் பெயரும் புகுந்த வீட்டு விலாசமும் வேறெங்கும் கிடைக்காமல் அந்த ஒரு தாளில் இருக்கும்.