உணவு நிறுவனத்தின் கடன் விகிதத்தைப் பின்தொடர்வது எப்படி? கிராஃப்ட் ஹைன்ஸ் கணக்கோடு ஒரு பயிற்சி

கடன்-சொத்து விகிதத்தைக் கணக்கிடுவது எளிது. நிறுவனத்தின் கடனை அதன் மொத்தச் சொத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் போதும். விகிதம் ஏறினால் ஏன் ஏறியது என்று கண்டுபிடிப்பதில்தான் புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுகிறார்கள். அதைக் கற்றுக்கொள்ள கிராஃப்ட் ஹைன்ஸ் அருமையான பாடம். கெட்சப்புக்குப் பேர்போன ஹைன்ஸும் சீஸுக்குப் பேர்போன கிராஃப்ட்டும் 2015இல் இணைந்து உருவான அமெரிக்க நிறுவனம் இது.

படி 1: அறிக்கையை எடுங்கள்

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எட்கர் தளத்தில் எல்லாம் இலவசம். நிறுவனத்தின் பெயரைத் தேடி, டென்-கே என்ற ஆண்டறிக்கையைத் திறந்து, பேலன்ஸ் ஷீட்டுக்கு (சொத்தையும் பொறுப்புகளையும் பட்டியலிடும் பக்கம்) போங்கள். தொகைகள் மில்லியன் டாலரில் இருக்கும். இங்கே பில்லியனில் சொல்கிறேன். 1 பில்லியன் என்பது 100 கோடி.

படி 2: கடனை மட்டும் கூட்டுங்கள்

மூன்று வரிகளைத் தேடுங்கள்: கமர்ஷியல் பேப்பர் (நிறுவனங்கள் குறுகிய காலத்துக்குப் பணம் திரட்ட வெளியிடும் கடன் பத்திரம்) உள்ளிட்ட குறுகிய காலக் கடன், நீண்ட காலக் கடனில் ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய பகுதி, மீதி நீண்ட காலக் கடன்.

"டோட்டல் லயபிலிட்டீஸ்" (மொத்தப் பொறுப்புகள்) வரியை அப்படியே எடுத்துவிடாதீர்கள். சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி, பிற்காலத்தில் கட்ட வேண்டிய வரி எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். 2018 இறுதியில் இந்த நிறுவனத்தின் மொத்தப் பொறுப்புகள் சொத்தில் ஏறக்குறைய பாதி. வட்டி கட்டும் கடனோ அதைவிட வெகு குறைவு.

படி 3: இரண்டு ஆண்டுகளை ஓர் அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

2017 இறுதி: கடன் சுமார் 31.5 பில்லியன், சொத்து சுமார் 120 பில்லியன். விகிதம் 26%.

2018 இறுதி: கடன் சுமார் 31.2 பில்லியன், சொத்து சுமார் 103.5 பில்லியன். விகிதம் 30%.

கடன் கொஞ்சம் குறைந்தே இருக்கிறது, ஆனாலும் விகிதம் 4 புள்ளி கூடிவிட்டது!

பழைய ஆண்டின் எண்ணை எப்போதும் புதிய அறிக்கையிலிருந்தே எடுங்கள். இந்த நிறுவனம் 2018 ஆண்டறிக்கையை 2019 ஜூனில்தான் தாக்கல் செய்தது. முந்தைய ஆண்டுகளின் கணக்கையும் அதில் திருத்தியது.

படி 4: வகுக்கும் எண்ணைப் பாருங்கள்

சொத்து எங்கே போனது? ஆலை எதுவும் எரிந்துபோகவில்லை. 2019 பிப்ரவரியில் நிறுவனம் தன் 2018 கணக்கில் 15.4 பில்லியன் டாலர் மதிப்பிழப்பை அறிவித்தது. கிராஃப்ட், ஆஸ்கர் மேயர் ஆகிய பிராண்டுகளின் மதிப்பும், அமெரிக்கக் குளிர்பதன உணவுப் பிரிவு, கனடாப் பிரிவு ஆகியவற்றின் குட்வில்லும்தான் (ஒரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) குறைக்கப்பட்டன. இணைப்பின்போது எழுதிவைத்த அளவுக்கு இவை இனிச் சம்பாதிக்காது என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது என்று பொருள். ரொக்கம் எதுவும் வெளியே போகவில்லை. ஆனால் அதே நாளில் காலாண்டு ஈவுத்தொகையும் 62.5 சென்ட்டிலிருந்து 40 சென்ட்டாக இறங்கியது. கிராஃப்ட்டுக்கு அதிக விலை கொடுத்துவிட்டோம் என்று பெரும் பங்குதாரரான வாரன் பஃபெட் வெளிப்படையாகவே சொன்னார்.

படி 5: தொட்டுப் பார்க்க முடியாத சொத்தைக் கழியுங்கள்

உணவு நிறுவனங்களுக்கு இந்தப் படியை நான் ஒருபோதும் விடமாட்டேன். 2018 இறுதியில் குட்வில் சுமார் 36.5 பில்லியன், பிராண்டு போன்றவை சுமார் 49.5 பில்லியன். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 17.5 பில்லியன், கடனோ 31.2 பில்லியன். பிராண்டுக்கும் நிஜ மதிப்பு உண்டுதான், ஆனால் அது விற்பனையை நம்பி நிற்கும் மதிப்பு. அதனால் ஆண்டு லாபத்தையும் பக்கத்தில் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரியில் கடன் தரத்தை மதிப்பிடும் நிறுவனங்களான ஃபிட்ச், எஸ்&பி இரண்டுமே இதன் கடன் தரத்தை முதலீட்டுத் தரத்துக்குக் கீழே இறக்கின.

படி 6: அட்டவணையைத் தொடர்ந்து நிரப்புங்கள்

காலாண்டு எண்களையும் சேர்த்தால், சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். சரக்கு வாங்கும் பருவத்தில் குறுகிய காலக் கடன் ஏறி இறங்கும்.

அப்புறம் 2021ஐயும் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு பிளான்டர்ஸ் கடலை வணிகத்தை ஹார்மெலுக்கும், சீஸ் வணிகத்தின் ஒரு பகுதியை லாக்டாலிஸுக்கும் நிறுவனம் விற்றது. ஆண்டிறுதியில் சொத்து சுமார் 93 பில்லியனாகச் சுருங்கியிருந்தது. கடனோ சுமார் 22 பில்லியனுக்கு இறங்கியிருந்தது. விகிதம் சுமார் 23%. இந்த முறை மாற்றம் வந்தது கடன் பக்கத்திலிருந்து.