கொலாஜில் தன் முகம்: சொல்லிக்கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் கைவேலை என்றால் கொலாஜுக்குத்தான், அதாவது காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படத்துக்குத்தான் முதலிடம். செலவில்லை, பழைய பத்திரிகை, கத்தரிக்கோல், பசை இருந்தால் போதும். "உன் முகத்தை நீயே செய்" என்ற பாடத்தை எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதே பழைய பள்ளங்களில்தான் விழுகிறார்கள். பசை சிந்துவது, கத்தரிக்கோல் மழுங்குவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

பத்திரிகை முகத்திலிருந்து கண்ணையும் வாயையும் வெட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. ஃபேஷன் பத்திரிகையைக் கையில் கொடுத்து, "பிடித்த கண்ணை வெட்டு, பிடித்த வாயை வெட்டு, ஒட்டு" என்பார்கள். அரை மணி நேரத்தில் வகுப்பு முழுவதும் முகம் தயார். பிள்ளையை அழைத்துப்போக வரும் அம்மா சுவரில் தேடுவார். எது தன் மகள் என்று தெரியாது. கீழே எழுதியிருக்கும் பெயரைப் படித்துத்தான் கண்டுபிடிப்பார்.

முதல் கோளாறு வெளிச்சம். ஒரு கண் ஸ்டூடியோவில் நேர்வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கும், இன்னொன்று வெயிலில் பக்கவாட்டில் எடுத்ததாக இருக்கும். இரண்டும் ஒரே முகத்தில் உட்காராது. அடுத்தது அளவு. நேராகப் பார்த்தால் முகத்தின் அகலத்தில் ஒரு கண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. A3 அட்டையில் முகம் 20 செ.மீ. அகலம் என்றால் கண் 4 செ.மீ. இருக்க வேண்டும். அழகுசாதன விளம்பரத்தில் வெட்டிய கண் 7 செ.மீ. இருந்தால், அதைத் தூக்கிப்போட மனமில்லாத பிள்ளை முகத்தையே அதற்கேற்ப இழுத்துவிடும். இதற்கெல்லாம் மேல், நிறம். விளம்பர முகங்களில் நம் பிள்ளைகளின் நிறத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நல்ல கறுத்த பெண் வெளுத்த நெற்றியை ஒட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். ஆசிரியையும் "அழகா இருக்கே" என்பார். இதற்கு அந்த வகுப்பை எடுக்காமலே இருந்திருக்கலாம்.

முகத்தை வெளிச்சமும் நிழலுமாகப் பிரித்துவிட்டால் கண்ணும் மூக்கும் தாமாக வந்து உட்காரும். பிள்ளையை ஜன்னலோரம், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி உட்கார வையுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து படமெடுங்கள். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கிவிடும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி A3-இல் அச்செடுத்து, அச்சின் பின்பக்கம் முழுக்க மென்பென்சிலால் தேய்த்து, அட்டை மேல் வைத்து, நிழல்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றனவோ அந்த எல்லைகளை மட்டும் அழுத்தி வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண்: 1 மிக வெளிச்சம், 5 மிக இருட்டு.

அடுத்து ஐந்து ஐஸ்கிரீம் டப்பாக்களில் எண் ஒட்டி, காகிதங்களை அந்த ஐந்தாகப் பிரிக்க வேண்டும். மனித முகம் உள்ள பக்கங்களை முதலிலேயே கிழித்து அப்புறப்படுத்திவிடுங்கள். வீட்டு வாசலுக்கு வரும் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களில் ரொட்டி, தேயிலை, சாக்லேட், வறுத்த கோழி, மர அலமாரி என்று பழுப்பு அள்ள அள்ளக் குறையாது. நிறம் எதுவாகவும் இருக்கலாம்; கருநீலம் 5-க்குப் பொருந்தினால் தாடையின் நிழலில் தாராளமாக வரட்டும். சிவப்புதான் ஏமாற்றும். கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பதால் பிள்ளைகள் 2-இல் போடுவார்கள். ஃபோன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக் காட்டினால் அதே தாள் 4-இல் போய் நிற்கும்.

துண்டுகள் 1 முதல் 2 செ.மீ. வரை, வெட்டாமல் கிழிக்கட்டும். கிழிக்கும் திசையைப் பொறுத்து ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். நெற்றியில் அது அழகு, நிழலில் அசிங்கம். 5-இல் தொடங்கி, பிறகு 1, கடைசியில் நடுவே உள்ளவை.

ஜெர்மன் கொலாஜ் கலைஞர் ஹன்னா ஹோஹ் பெர்லினில் 1920-களிலேயே அளவு பொருந்தாத கண்களை ஒட்டவில்லையா என்று படித்தவர்கள் கேட்பார்கள். ஒட்டினார், ஊரைக் கேலி செய்ய ஒட்டினார். பத்து வயதுப் பிள்ளை தன் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

அடுக்கும் முன்பே பசையைத் திறப்பது

முழு முகத்தையும் அடுக்கி ஃபோனில் படமெடுக்கும் வரை பசை டப்பா ஆசிரியரிடமே இருக்கட்டும்.

வீட்டுப் பழைய படத்தை வெட்டுவது

கூடாது. ஆயாவின் கல்யாணப் படத்துக்கு மறுபிரதி கிடையாது. நகல் எடுங்கள், அதுவும் லேசர் அச்சில். இங்க்ஜெட் மை ஈரப் பசையில் கசிந்துவிடும்.

மெல்லிய தாளில் நீர்த்த பசை

நகலெடுக்கும் தாள் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) பசை ஈரத்தில் உப்பி, காயும்போது சுருண்டுகொள்ளும். 200 கிராமுக்கு மேற்பட்ட அட்டை வேண்டும். இல்லையென்றால் சீரியல் பெட்டியைப் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசை 3 பங்குக்குத் தண்ணீர் 1 பங்கு, மெல்லிய பூச்சு போதும். அட்டையின் பின்பக்கமும் ஒரு தாளை ஒட்டிவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து அட்டை நேராக நிற்கும். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் படங்களை ஈரத்தோடு அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சணமும் பிடிக்கும். ஒரு நாள் முழுக்கத் தனித்தனியாகக் காயவிட்டு, பிறகு கேக் சுடும் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளை இடையில் வைத்துப் புத்தகச் சுமை ஏற்றுங்கள். மைதாப் பசை மலிவுதான்; இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து.

நெற்றிக்குச் செய்தித்தாள்

செய்தித்தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும். ஒட்டும்போது 1-ஆக இருந்த நெற்றி, வெயில் விழும் சுவரில் சீக்கிரமே 2 ஆகிவிடும். வெளிச்சப் பகுதிகளுக்கு நல்ல வெள்ளைத் தாளே போடுங்கள்.

ஒரே கறுப்புத் தாளில் முடி

தொப்பி போலத் தெரியும். 5-ஆம் டப்பாவிலிருந்து இரண்டு மூன்று வகைத் தாள்களை நீளமாகக் கிழித்து, முடி வளரும் திசையிலேயே ஒட்டுங்கள்.