ஒரு மாதப் பசுமைச் சவால்: கொழும்பு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த மாதம் ஒரு ஷொப்பிங் பேக்கூட வாங்கமாட்டேன்", "வீட்டுக் குப்பையைப் பாதியாக்குவேன்", "கிழமையில் மூன்று நாள் ஓட்டோ இல்லை, பஸ்தான்" என்று தங்களுக்குத் தாங்களே சவால் வைத்துக்கொள்பவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெருகி வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் சவால் இரண்டாம் கிழமையைத் தாண்டுவதில்லை. அவர்களுக்கு அக்கறை குறைவு என்று சொல்லவே முடியாது. எடுத்த சவால் இந்த ஊரின் மழைக்கும் வெயிலுக்கும், குப்பை லொறி வரும் நேரத்துக்கும், வீட்டில் யார் சமைக்கிறார் என்பதற்கும் பொருந்தாமல் இருந்தது. எங்கெங்கே பொருந்தாமல் போகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேறு ஊர்ப் பட்டியல்

இணையத்தில் கிடைக்கும் முப்பது நாள் பட்டியல்கள் பெரும்பாலும் வேறு நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பிளாஸ்டிக் இல்லாத ஜூலை என்ற இயக்கம் 2011இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் தொடங்கியது. அருமையான இயக்கம், உலகமெங்கும் பரவிவிட்டது. ஆனால் இப்படியான பட்டியல்களில் முதலில் வரும் 'ஸ்ட்ரோவைக் கைவிடுங்கள்' என்ற வரியை எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, கோப்பை, இடியப்பத் தட்டு எல்லாம் இலங்கையில் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை. கடையில் இன்னும் கண்ணில் பட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு மாதச் சவால் தேவையில்லை.

பட்டியல் உங்கள் வீட்டுக் குப்பைக் கூடையிலிருந்தே வரவேண்டும். ஒருநாள் இரவு, பழைய பேப்பரை விரித்து அன்றைய கூடையை அதில் கொட்டிப் பாருங்கள். பால் பிழிந்த தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைத் தூள், வாழைப்பழத் தோல், மிஞ்சிய சோறு, மீன் செதில். அவற்றுக்கு நடுவே பாண் வந்த பை, யோகட் கப் இரண்டு, பால்மா பைக்கற்று. நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் கழிவுதான். கண்ணை உறுத்துவது பிளாஸ்டிக், கனப்பது சாப்பாடு. முதல் சவாலைச் சாப்பாட்டுக் கழிவில் தொடங்குவதுதான் சரி என்பது என் முடிவு. அதற்குக் காரணம் இருக்கிறது.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கொழும்பு வீடுகளிலிருந்து போன குப்பைதான் அது. சாப்பாடும் பொலித்தீனும் ஒன்றாகக் குவிந்த மேட்டில் மழைநீர் ஊறித் தேங்கும். உள்ளே காற்றில்லாமல் அழுகி மீதேன் வாயு உண்டாகும். இப்போது கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இயங்குகிறது, ஆனால் அங்கும் ஈரக் குப்பை தொல்லைதான். நனைந்த குப்பை எரிவதற்கு முன் தன் ஈரத்தைப் போக்கவே வெப்பத்தைத் தின்றுவிடும்.

ஆகவே, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு லொறி வரும் காலையில் பிரிக்க உட்காருவது முதல் தவறு. அதற்குள் பேப்பர் ஊறி, யோகட் கப்பில் மீன்தண்ணீர் ஏறி, எதுவும் மீள்சுழற்சிக்கு உதவாது. பிரிப்பது சமையல் மேசையிலேயே, கையிலிருந்து விழும்போதே நடக்க வேண்டும். உக்கும் கழிவுக்குச் சின்ன மூடிவாளி ஒன்று, மற்றதற்கு ஒன்று, அவ்வளவு போதும். உக்கும் கழிவைப் பொலித்தீனில் கட்டிப் போடுவது இரண்டாவது தவறு. பிரித்த பயன் அந்த முடிச்சோடு போய்விடும். 'உக்கக்கூடியது' என்று அச்சிட்ட பையை வெள்ளவத்தைக் கால்வாயில் போட்டால் அது கரைந்துவிடும் என்று நினைப்பது மூன்றாவது. அந்தப் பைகள் உக்குவதற்குச் சூடும் காற்றும் நுண்ணுயிரும் சேர்ந்த கூட்டெருக் குவியல் வேண்டும். கால்வாயில் அதுவும் மற்றப் பைகளைப் போல வடிகாலை அடைத்துக்கொண்டு கிடக்கும். பின்வளவில் பொலித்தீனைக் கொளுத்துவது பற்றி நீட்டவேண்டியதில்லை. அந்தப் புகை நஞ்சு, அடுத்த வீட்டில் ஆஸ்துமாக்காரப் பிள்ளை இருக்கலாம்.

கூட்டெரு செய்பவர்கள் ஒரு மாதத்தில் கைவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாற்றம். ஈரமானது ஒரு பங்கு என்றால் காய்ந்தது இரண்டு, மூன்று பங்கு வேண்டும். காய்ந்த இலை, தென்னந்தும்பு, கிழித்த பேப்பர் என்று எது கிடைத்தாலும் சரி. பல்கனி வாளியில் மீனும் இறைச்சியும் வேண்டாம்.

சேர்த்து வைக்கும் பழக்கமும் நுளம்பும்

வெளியூர்ப் பட்டியல் எதிலும் இல்லாத, கொழும்பில் மிக ஆபத்தான தவறு ஒன்றுண்டு. "எறியாமல் மறுபடி பாவிப்போம்" என்று சவால் எடுத்த வீட்டுப் பல்கனியைப் பாருங்கள். வோஷிங் மெஷினுக்குப் பின்னால் கழுவிக் கவிழ்க்காமல் அடுக்கிய யோகட் கப்புகள், தலைப்பாகம் வெட்டிய தண்ணீர்ப் போத்தலில் மணிப்பிளான்ட், சிரட்டைகள், பூச்சாடிக்கு அடியில் ஒரு தட்டு, மழைநீர் பிடிக்கும் வாளி. நல்ல மனதோடு சேர்த்தவைதான். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிட இப்படித் தேங்கிய தெளிந்த தண்ணீரைத்தான் தேடுகிறது. முட்டை நுளம்பாகப் பறப்பதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். தண்ணீர் காய்ந்தாலும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும் கூட. சேர்ப்பதற்கு ஓர் எல்லை வையுங்கள்: கழுவிக் காயவைத்து, மூடிய பெட்டிக்குள், அந்தப் பெட்டி நிரம்பும் அளவுக்கு மட்டும். நிரம்பியதும் சேகரிப்பு நாளில் கொடுத்துவிடுங்கள். போத்தல், பேப்பர் வாங்க வருபவர் உங்கள் ஒழுங்கைக்கு வந்தால் இன்னும் நல்லது. பூச்சாடித் தட்டில் மணல் போட்டுவிடுங்கள். ஞாயிறு காலை பத்து நிமிடம் பல்கனியைச் சுற்றிப் பார்ப்பதையும் சவாலின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கித் தொடங்குவது

சவால் எடுத்த கையோடு மூங்கில் பிரஷ், ஸ்டீல் போத்தல், கண்ணாடிச் சாடிகள், புதுத் துணிப்பை நாலு என்று வாங்கிக் குவிப்பது இன்னொரு தவறு. பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 தடவையாவது பாவித்தால்தான் காலநிலைக்கு அது செய்யும் பாதிப்பு, ஒரேயொரு தடவை பாவித்து எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடக் குறையும். கல்யாண வீட்டிலும் புத்தகக் கடையிலும் தந்த பைகள் எத்தனை வீட்டு அலுமாரிக்குள் கிடக்கின்றன! பழைய சேலையில் தைத்த பை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனையோலைப் பை, ஹோர்லிக்ஸ் போத்தல் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. முதல் மாதம் எதையும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டாலே சவாலில் பாதி முடிந்துவிடும்.

பை இருந்தும் பொலித்தீன் வந்து சேர்வது ஏன் தெரியுமா? நேரம் தவறுவதால். மரக்கறிக் கடையில் கவனித்துப் பாருங்கள். கரட்டைத் தராசில் வைக்கும்போதே கடைக்காரரின் மற்றக் கை மேலே தொங்கும் பைக்கட்டிலிருந்து ஒன்றை உருவி, உதறி, வாயை விரித்துவிடும். அதற்குப் பிறகு "வேண்டாம்" என்றால் அவருக்கும் இடைஞ்சல், பின்னால் நிற்பவருக்கும் அவசரம், நமக்கும் கூச்சம். விலை கேட்கும்போதே பையைத் திறந்து மேசையில் வைத்துவிட வேண்டும். "அண்ணை, எல்லாத்தையும் இதுக்குள்ளேயே போடுங்கோ." மீனுக்கு மூடியுள்ள பாத்திரம் கொண்டுபோனால், முதலில் வெறும் பாத்திரத்தை நிறுக்கச் சொல்லுங்கள், பிறகு நிறையில் சண்டை வராது. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலை பில்லில் தெரிய வேண்டும் என்பது நுகர்வோர் விவகார அதிகார சபையின் கட்டளை. பில்லைப் பார்த்தால் இந்த மாதம் எத்தனை பை வாங்கினோம் என்ற கணக்கும் கிடைத்துவிடும்.

சின்ன வெளிச்சம், பெரிய சூடு

மின்சாரத்தில் நடப்பது அளவுத் தவறு. அறைக்கு அறை ஓடி 9 வாட் எல்.ஈ.டி. குமிழை அணைப்பவர்கள் அயனையும் ஏசியையும் கணக்கில் எடுப்பதில்லை. 1,000 வாட் அயன் ஒரு மணி நேரம் தொடர்ந்து சூடேறினால் ஓர் அலகு. அதே அலகில் அந்தக் குமிழ் நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். சூடாக்குவதும் குளிராக்குவதும்தான் அலகைத் தின்கின்றன. சவாலை அங்கே வையுங்கள்.

எந்த நேரத்தில் பாவிக்கிறோம் என்பதும் முக்கியம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டில் மின்தேவை உச்சம். சூரியனும் இல்லாத அந்த நேரத்தில் எண்ணெயும் நிலக்கரியும் எரிகின்றன. விடுமுறைப் பகலிலோ நிலைமை தலைகீழ். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்னுற்பத்தியைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டது, அவ்வளவுக்கு மிஞ்சியது. கிழமை முழுவதுக்குமான பள்ளிக்கூட உடுப்பை ஞாயிறு மத்தியானம் அயன் பண்ணுங்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒவ்வொன்றாகப் பண்ணுவதைவிட அது எத்தனையோ மடங்கு மேல்.

போக்குவரத்தில் "இனி ஓட்டோவே இல்லை" என்று சபதம் போடாதீர்கள். மாலை மழை ஒன்று கொட்டினால் சபதம் போய்விடும். ஒரு பயணத்தை மட்டும் பிடியுங்கள். பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டைக்கு ரயில், அல்லது காலி வீதியில் 100, 101 பஸ். அதே நாள், அதே நேரம்.

வேலை யார் தலையில்?

இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை, அதனாலேயே கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சவாலை எடுப்பவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர் என்ற நிலை நம் வீடுகளில் மிகச் சாதாரணம். மகன் பார்சல் சோற்றை விட்டுவிட்டு லன்ச் பொக்ஸ் கொண்டுபோகிறான். காலை ஐந்துக்கு எழும்பிக் கட்டிக் கொடுப்பது அம்மா. மாலையில் பருப்பும் தேங்காயெண்ணெயும் காய்ந்து மஞ்சள் பிடித்த பெட்டியை ஊறவைத்துத் தேய்ப்பதும் அம்மா. குப்பையைப் பிரிப்பது, கப் கழுவுவது, துணிப்பை துவைப்பது எல்லாம் அவர் கணக்கில் ஏறுகின்றன. பத்து நாளில் அவர் களைத்துப்போனால் அதற்குச் 'சவால் தோற்றது' என்று பெயர் வைப்பது அநியாயம்.

தொடங்குவதற்கு முன் வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் கேளுங்கள்: இதனால் கூடும் வேலை என்ன, அதை யார் செய்வது? பெட்டி கொண்டுபோனவரே கழுவட்டும். சந்தையில் வாழையிலை கிடைக்கும் நாளில் வாட்டிய இலையில் கட்டினால் கழுவும் வேலையே இல்லை, இலையும் உக்கும் வாளிக்குப் போகும். வீட்டில் வேலைக்கு வரும் அக்காவிடம் பிரிக்கும் முறையைக் காட்டிக் கொடுங்கள்; ஆனால் முழுப் பொறுப்பையும் அவரிடம் தள்ளிவிட வேண்டாம்.

தவறிய நாளும் அடுத்த மாதமும்

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பித் தேதி குறிப்பது இன்னொரு பிழை. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாகவே வரும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரை கணக்கு வந்தது. இடையில் ஒருநாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து வீடு கலகலப்பான இரண்டு நாளில் குப்பை கலந்துபோனால் மூன்றாம் நாள் வாளியைக் கழுவி வைத்துத் தொடருங்கள். ஆடிவேல் நாள்களில் தாகசாந்திப் பந்தலுக்குப் போகிறவர்கள் கைப்பையில் ஒரு டம்ளர் வைத்துக்கொள்ளலாம். திருவிழாவையும் விருந்தையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்தால் அவை சவாலை முறிக்காது.

மாடிவீட்டுக்காரர் தனியாளாக எவ்வளவு செய்தாலும் கீழே இருக்கும் பொதுத் தொட்டி ஒன்றே ஒன்று என்றால், பிரித்தது எல்லாம் அங்கே போய் மறுபடி கலந்துவிடும். மாதம் முடிந்ததும் புதுச் சவால் தேடுவதைவிட, இரண்டு மூன்று வீட்டாராகச் சேர்ந்து முகாமைத்துவக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். உக்கும் கழிவுக்கு மூடியுள்ள தனித் தொட்டி ஒன்று கேளுங்கள். எந்த நாளில் எந்தக் குப்பை எடுக்கிறார்கள் என்று மாநகர சபை ஊழியரிடம் கேட்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியின் மூடியையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்.