காட்டைக் காக்கும் அறக்கட்டளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தில் மண்ணுக்குரிய காட்டை மக்கள் 'புஷ்' என்கிறார்கள். தங்கள் ஊரை ஒட்டிய இத்தகைய காட்டைக் காப்பதற்காக ஊர்மக்களே கூடி அமைத்து, ஊதியமின்றி நடத்தும் அறக்கட்டளைகள் அந்நாட்டில் ஏராளம். அவற்றின் பணி ஏன் கடினமானது என்பதற்கு அந்நிலத்தின் வரலாறே விடை சொல்லும். வௌவால்களைத் தவிர வேறு நிலப் பாலூட்டிகள் இல்லாத தீவுகளில், தரையில் கூடு கட்டியும் பறக்க மறந்தும் வளர்ந்த பறவையினங்கள் அங்கே உள்ளன. அவற்றின் நடுவே கப்பல்களோடு எலிகள் வந்தன. மென்மயிர்த் தொழிலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து பாஸம் என்னும் மரமேறும் பைம்மாவிலங்கு கொண்டுவரப்பட்டது. பெருகிவிட்ட முயல்களை ஒழிப்பதற்காக, கீரியைப் போன்ற உடலமைப்புடைய ஸ்டோட் 1880களில் இறக்கப்பட்டது. பறவைகளை வேட்டையாடும் விலங்குகளைக் கட்டுப்படுத்தாத இடங்களில் பிறக்கும் கிவிக் குஞ்சுகளில் நூற்றுக்கு ஐந்து அளவே வளர்ந்த பறவையாகின்றன.

இத்தகைய பணியில் ஈடுபடும் தன்னார்வலர்கள் செய்யும் முதல் தவறு, பொறியில் விழுந்த விலங்குகளின் எண்ணிக்கையை வெற்றியின் அளவாகக் கொள்வது. இந்த ஆண்டு இத்தனை எலிகளைப் பிடித்தோம் என்று சொல்வது உற்சாகம் தரும். நன்கொடையாளர்களுக்கும் எளிதில் புரியும். ஆனால் எலிகள் மிகுந்துவிட்ட ஆண்டில்தான் பொறியிலும் அதிகம் விழும் என்பதால், அந்த எண் உயர்வதைக் கண்டு மகிழ்வதா கவலைப்படுவதா என்பதை எண் மட்டும் சொல்லாது. கேட்க வேண்டியது காட்டில் இன்னும் எத்தனை எஞ்சியுள்ளன என்பதே. மை தடவிய அட்டையைச் சிறு குகை போன்ற பெட்டிக்குள் வைத்து, எத்தனை பெட்டிகளில் எலியின் காலடி பதிகிறது என்று ஆண்டுதோறும் அதே இடங்களில், அதே பருவத்தில் பார்ப்பது இதற்கான எளிய வழி. அதனோடு, குறித்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, கண்டதும் கேட்டதுமான பறவைகளைக் குறித்துவைக்கும் கணக்கெடுப்பையும் முதல் பொறியை வைப்பதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். தொடக்க நிலை பதிவாகாவிட்டால், பத்தாண்டு உழைப்புக்குப் பிறகும் காடு மாறியதா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரே விலங்கைக் குறிவைப்பதும் இதற்கு நெருங்கிய தவறு. பாஸத்தை மட்டும் குறைத்த காடுகளில், அது உண்டுவந்த கனியும் விதையும் எலிகளுக்குக் கிடைப்பதால் எலிகள் பெருகக்கூடும். பீச் (beech) மரங்கள் ஒருசேரப் பெருமளவில் விதை உதிர்க்கும் ஆண்டுகளில் முதலில் எலிகளும், அவற்றைத் தின்னும் ஸ்டோட்களும் அடுத்தடுத்துப் பெருகி, பிறகு பறவைகளின் பக்கம் திரும்புகின்றன. அத்தகைய ஆண்டுகளில் வழக்கமான பொறிவரிசை போதாது என்பதை மரங்கள் பூக்கும்போதே கணித்துத் திட்டமிடுவது அறக்கட்டளையின் கடமை.

மரநடுகையிலும் எண்ணுவதற்கு எளிதானதையே எண்ணும் பழக்கம் தலைகாட்டுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் கன்றுகளை நட்டுவிட்டு, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அவற்றைச் சுற்றிப் புல்லை அகற்ற ஆளில்லாமல் விட்டுவிட்டால், புல்லே அவற்றை மூடிவிடும். பராமரிக்க முடிந்த அளவே நட வேண்டும். ஆக்லாந்துக்கு அருகிலுள்ள டிரிட்டிரி மட்டாங்கி தீவில் தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டது 1984 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் தொடர்ந்த உழைப்பால்தான். விதையை அந்த வட்டாரத்துக் காட்டிலிருந்தே சேகரிப்பதும் முக்கியம். வடக்குப் பகுதிக்குரிய பொஹுட்டுகாவா மரம் நியூசிலாந்தின் சொந்த மரமே என்றாலும், நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் உரியதன்று.

சில இடங்களில் நடாமலே இருப்பது நல்லது என்பதைப் பலர் ஏற்கத் தயங்குகிறார்கள். பேங்க்ஸ் தீபகற்பத்திலுள்ள ஹினேவாய் காப்புக்காட்டில் 1987 முதல், அயல்நாட்டு முட்புதரான கோர்ஸை வெட்டி எரிக்காமல் விட்டுவைத்தார்கள். அதன் நிழலில் முளைத்த காட்டு மரங்கள் மேலெழுந்தபோது, வெயில் இல்லாமல் தழைக்க இயலாத கோர்ஸ் தானே மறைந்தது. பொறுமையும் ஒரு காட்டுப்பணிதான் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

நல்லெண்ணத்தோடு காட்டுக்குள் செல்பவர்களாலேயே தீங்கு நேர்வதும் உண்டு. கௌரி (kauri) என்னும் நியூசிலாந்து மரத்தின் வேரைத் தாக்கிக் கொல்லும் நோய்க்கிருமி காலணியில் ஒட்டிய மண்ணோடு பரவுகிறது. நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே காலணியைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநீக்கி தெளிப்பதில் விலக்கு யாருக்கும் தரக்கூடாது, தலைவருக்கும் கூடத்தான். இந்நோயைத் தடுக்க, 2017 டிசம்பரில் ஆக்லாந்தை ஒட்டிய வைடாக்கரே மலைக்காட்டுக்குள் எவரும் செல்லாதிருக்க 'ராஹுயி' என்னும் மரபுத் தடையை விதித்தவர்கள், அந்நிலத்துக்குரிய மவோரிப் பூர்வகுடி மக்களான டெ கவெராவு ஆ மாக்கி. நகராட்சி அடுத்த ஆண்டில்தான் காட்டை மூடியது. காவல் என்பது அம்மக்களுக்குத் தலைமுறைக் கடமை. திட்டத்தை எழுதி முடித்தபின் ஒப்புதல் கையெழுத்துக்காக மட்டும் அவர்களைத் தேடிச் செல்வது மரியாதையுமன்று, அறிவுடைமையுமன்று.

அறக்கட்டளைகளை உள்ளிருந்து தளரச் செய்வது, எல்லாம் ஒருவர் தலையில் இருப்பது. பொறிகள் எங்கே உள்ளன, எந்த நில உரிமையாளர் எந்த வழியை அனுமதித்தார், வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார் என்பதெல்லாம் நிறுவனர் ஒருவருக்கே தெரிந்திருந்தால், அவர் நோயுற்ற மாதத்திலேயே எலிகள் திரும்பத் தொடங்கும். அக்கம்பக்கத்து நிலங்களில் அவை எப்போதும் காத்திருக்கின்றன. ஒவ்வொரு பொறிவரிசைக்கும் இருவரைப் பழக்குவதும், வரைபடத்தையும் பதிவுகளையும் பொதுவில் வைப்பதும், அறங்காவலர்களின் பதவிக்காலத்துக்கு வரம்பிடுவதும் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை. அவ்வாறே, புதிய பொறி வாங்க எளிதில் கிடைக்கும் மானியத்தை நம்பி வரிசைகளைப் பெருக்கிக்கொண்டே போகாமல், இருக்கும் பொறிகளின் வில்லையும் மரப்பெட்டியையும் பழுதுபார்க்கவும், மாதந்தோறும் இரை மாற்றவும் தேவையான பணத்தையும் ஆட்களையும் கணக்கிட்ட பிறகே அடுத்த பள்ளத்தாக்குக்குள் காலெடுத்து வைக்க வேண்டும்.