நெட்வொர்க் செக்யூரிட்டி படிக்கிறீர்களா? பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள்

எம்.டெக்., எம்.எஸ்.சி.யில் நெட்வொர்க் செக்யூரிட்டி எடுத்தவர்களில் பலர் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கை, அதாவது உலாவியும் சர்வரும் பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கப் பரிமாறும் செய்திகளை, வெறும் அம்புக்குறிப் படமாகவே மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சைக்கு அது போதும், ஆய்வுக்குப் போதவே போதாது.

நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை இலவசமாக இறக்கி ஓடவிட்டு, உங்கள் கணினியிலேயே ஓர் இணையதளத்தைத் திறங்கள். டிஎல்எஸ் 1.2 இணைப்பு என்றால் சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்க அனுப்பும் சான்றிதழ் அப்படியே கண்ணில் படும். 1.3-இல் அது தெரியாது. சர்வரின் முதல் பதிலான சர்வர் ஹலோ முடிந்ததுமே மறையாக்கம் தொடங்கிவிடும். ஆனால் உலாவி அனுப்பும் முதல் செய்தியான கிளையன்ட் ஹலோவில் தளத்தின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படாமலேயே போகிறது! இதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று துருவினால் ஆய்வுத் தலைப்பே கிடைக்கும். டிஎல்எஸ் 1.3-ஐ வரையறுத்து 2018-இல் வெளியான ஆவணமான ஆர்எஃப்சி 8446-ஐப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு புலமாக ஒப்பிட்டுப் படியுங்கள்.

தாக்குதல்களைப் பழக, அமெரிக்காவின் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் உருவான சீட் லேப்ஸ் என்ற செய்முறைப் பயிற்சித் தொகுப்பு அருமையானது, இலவசமும்கூட. ஏஆர்பி, டிசிபி, டிஎன்எஸ் ஆகிய நெட்வொர்க் நெறிமுறைகள் மீதான தாக்குதல்களை, கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினியான விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே செய்து பார்க்கலாம். ஹாஸ்டல் வைஃபையில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.